அனர்த்தக் குழுவில் சமயத் தொண்டர்கள்: என்ன பயிற்சி, யாருடைய அங்கீகாரம்?

நோர்வூட் தொண்டன்:

எல்லோருக்கும் வணக்கம். மலையகத்தில் நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கென்று ஓர் அனர்த்தத் தொண்டர் குழு இயங்குகிறது. முதலுதவி, முகாம் பதிவு, சமையல் எல்லாவற்றுக்கும் ஆள் தேறிவிட்டது. டித்வா புயலுக்குப் பிறகு புதிதாக ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கோயில் பூசாரிமார், ஓர் உபதேசியார், ஒரு மௌலவி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "உயிர் பறிகொடுத்த வீட்டாரோடு இருக்க, கிரியைகளுக்கு வழி செய்து கொடுக்க எங்களையும் சேருங்கள்" என்கிறார்கள். மனம் நிறைய இருக்கிறது, முறையான பயிற்சி இல்லை.

இதற்கு மாதிரி தேடியபோது அமெரிக்காவின் சிவில் எயார் பட்ரோல் கண்ணில் பட்டது. விமானப்படைக்குத் துணை நிற்கும் சிவிலியன் தொண்டர் அமைப்பு. அதில் சமய குருமாருக்கென்று தனிப் பிரிவு, படிப்படியான பயிற்சி, தரச் சின்னம் எல்லாம் உண்டு. அதைப் பார்த்து மூன்று தரம், ஒரு சின்னம், ஒரு சீருடை என்று நாங்களும் ஒரு திட்டம் வரைந்திருக்கிறோம். அதில் எதை எடுக்கலாம், எதை விடலாம்? பயிற்சியை எங்கே தொடங்குவது? அட்டையில் யார் கையெழுத்து இருந்தால் பொலிஸ் தடுப்பில் உள்ளே விடுவார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரத்மலானை ஹேங்கர்:

வணக்கம் தம்பி. நீங்கள் பார்த்த அமைப்பை முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம். சின்னமும் தரமும் அதன் வெளிப்பூச்சுத்தான்.

சிவில் எயார் பட்ரோல் 1941 டிசம்பர் 1இல் தொடங்கியது. 1948இல் அமெரிக்க விமானப்படையின் உத்தியோகபூர்வத் துணை அமைப்பானது. காணாமற்போன சிறிய விமானங்களைத் தேடுவது, அனர்த்த நேரத்தில் வானிலிருந்து படம் எடுப்பது, 12 வயது முதலான கெடெற்களைப் பயிற்றுவிப்பது, விமானவியல் கல்வி, இவைதான் அதன் வேலைகள். குருமார் சம்பளமில்லாத தொண்டர்கள். ஆனால் விரும்பியவர் எல்லாம் அந்தப் பெயரோடு உள்ளே வர முடியாது. சமயக் கல்வியில் உயர் பட்டம் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அவரவர் சமய நிறுவனம் "இவர் எங்கள் ஆள், இவருடைய நடத்தைக்கு நாங்கள் பொறுப்பு" என்று எழுத்தில் தரும் ஒப்புதல். அந்த நிறுவனம் ஒப்புதலைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அவர் அந்தப் பதவியில் நீடிக்க முடியாது. அமைப்பு தானாக யாரையும் குருவாக்குவதில்லை. வெளியே ஏற்கனவே குருவாக இருப்பவரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், உங்களுக்கு நேரடியாக உதவும். குருப்பட்டம் இல்லாதவர்களுக்கு அங்கே வேறு ஒரு பதவி வைத்திருக்கிறார்கள். கெடெற்களுக்கு ஒழுக்கம், முடிவெடுத்தல் பற்றிய கலந்துரையாடல்களை நடத்தும் போதனையாளர் அவர். குருவுக்குத் துணையாக இருப்பார், ஆனால் குருவின் வேலையைச் செய்யமாட்டார். ஒருவர் நம்பிச் சொன்ன இரகசியத்துக்குக் குருவிடம் இருக்கிற பாதுகாப்பு இவரிடம் இல்லை. உங்கள் பட்டியலில் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இந்த இடம்தான் பொருந்தும். அவரையும் பூசாரியையும் ஒரே பெயரில் போட்டால், முதல் மரண வீட்டிலேயே யார் என்ன செய்வது என்று குழப்பம் வரும்.

மூன்று தரம் என்பது அங்கே காலம், படிப்பு, செய்த சேவை மூன்றையும் கணக்கிட்டு வருவது. அந்தத் தரங்களை நடத்த ஓர் அலுவலகமும், படித்ததைச் சரிபார்க்க ஆட்களும் இருக்கிறார்கள். சில தோட்டங்களுக்கான குழுவுக்கு அது தாங்காத சுமை. விட்டுவிடுங்கள். சீருடையையும் விடுங்கள், இராணுவமா, கட்சியா என்று சனம் யோசிக்கிற இடத்தில் வாய் திறந்து யாரும் அழமாட்டார்கள்.

எடுக்க வேண்டிய ஒரு நடைமுறை: தேடுதல் நடக்கும்போது காணாமற்போனவரின் குடும்பத்தை வானொலி அறைக்குப் பக்கத்தில் இருக்க விடக்கூடாது. அரைகுறைத் தகவல் காதில் விழும். "ஏதோ தெரிகிறது" என்ற ஒரு சொல் போதும், பத்து நிமிடத்தில் ஒரு வீடு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடும். குடும்பத்துக்குத் தனி அறை, அங்கே ஒரு தொண்டர், தகவல் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் வந்து சொல்லும் ஒரே ஓர் அதிகாரி. இங்கே மண்சரிவுத் தேடுதலில் 'பெக்கோ' (மண் தோண்டும் இயந்திரம்) வேலை செய்யும் இடத்துக்கும் இதே விதிதான்.


பதுளை பஸ்:

எயார் பட்ரோலா? நம்ம பக்கம் பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல, இதுல பிளேனுக்கு ஐயர் தேடுறீங்களா 😄


இரத்மலானை ஹேங்கர்:

சிரிக்கலாம், ஆனால் இலங்கையில் நடந்த மிக மோசமான விமான விபத்து நோர்வூட்டுக்குப் பக்கத்து மலையில்தான் நடந்தது. 1974 டிசம்பர் 4, மார்டின் எயார் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. சுராபாயாவிலிருந்து ஜெத்தா போகிற வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டிய விமானம். 191 பேரும் இறந்தார்கள், பயணிகள் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள். சுற்றியிருப்பது பெரும்பாலும் இந்துக்கள் வாழும் தோட்டங்கள், இறந்தவர்களோ வேறு நாட்டு முஸ்லிம்கள். அனர்த்தம் நம் கோயில் எல்லையைப் பார்த்து வருவதில்லை.

அதனால் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பட்டியலில் பௌத்த பிக்கு இல்லை, நன்றாகச் சிங்களம் பேசுபவர் யாரென்றும் நீங்கள் எழுதவில்லை. மீட்புக்கு வரும் படையினரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். மூன்று நாள் மண்ணுக்குள் உடல்களைத் தோண்டும் இருபது வயதுப் பையனுக்கும் ஆறுதல் தேவை.


ஊவா உளநலம்:

ஹேங்கர் அண்ணன் சொன்ன அமைப்பு முறை சரி. ஆனால் அங்கிருந்து அப்படியே எடுக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. நெருக்கடிக்குப் பிறகு ஆட்களை வட்டமாக உட்கார வைத்து "என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைக்கும் முறை அமெரிக்க மீட்புக் குழுக்களில் பல காலம் இருந்தது. ஒரே அமர்வில் இப்படிக் கிளறுவது பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். அதற்குப் பதிலாக வந்ததுதான் உளவியல் முதலுதவி. 2011இல் வெளியான அந்தக் கைந்நூல் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கிறது. உங்கள் பயிற்சியை அங்கே தொடங்குங்கள்.

அதில் மூன்றே வேலைகள்: பார்த்தல், கேட்டல், இணைத்தல். சமயத் தொண்டர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இரண்டாவதில். பிரசங்கம் செய்து பழகியவருக்கு மௌனமாக இருப்பது கடினம். எனவே முதல் நாள் பயிற்சியில் விரிவுரையைக் குறைத்து நடித்துப் பழகுவதைக் கூட்டுங்கள். ஒருவர் பிள்ளையைத் தேடும் தாய், ஒருவர் தொண்டர், மூன்றாமவர் பார்த்துக் குறிப்பெடுப்பவர். ஐந்து நிமிடம் போதும். தொண்டர் எத்தனை தடவை அறிவுரை சொன்னார், எத்தனை தடவை தன் கதையை நுழைத்தார் என்று மூன்றாமவர் எண்ண வேண்டும். பிறகு இடம் மாறுங்கள். இதை இரண்டு நாளாவது செய்யாமல் யாருக்கும் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

சொல்லக் கூடாதவற்றை ஒரு தாளில் அச்சடித்தே கொடுங்கள். "கடவுள் சித்தம்", "போன பிறவிப் பாவம்", "உங்களுக்காவது இன்னொரு பிள்ளை இருக்கிறதே", "அழாதீங்க", "எல்லாம் சரியாகிவிடும்". பூசாரி வாயிலிருந்து கர்மவினை என்று வந்தால் அது ஒரு தாயின் மேல் குற்றமாக விழும். அவருக்கு அதை வாழ்நாள் முழுக்க இறக்கி வைக்க முடியாது. மாறாக, பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், அவர் பாயில் இருந்தால் நீங்களும் பாயில் இருங்கள். தேத்தண்ணி, போர்வை, போன் சார்ஜ் பண்ண ஓர் இடம், சொந்தக்காரர் நம்பரைக் கண்டுபிடித்து ஒரு அழைப்பு. முதல் நாளில் ஆன்மிக ஆறுதல் என்பது அநேகமாக இவ்வளவுதான். ஜெபமோ திருநீறோ அவர் கேட்டால் மட்டும். கேட்காதவருக்குப் பூசுவது, பொட்டலத்தோடு சமயத் துண்டுப்பிரசுரம் வைப்பது, இதற்கெல்லாம் முதல் தடவையே குழுவிலிருந்து நீக்கம் என்று விதி எழுதுங்கள். கலப்புச் சமயம் இருக்கிற முகாமில் ஒரே ஒரு சம்பவம் போதும், மற்ற எல்லாருக்கும் கதவு அடைபட்டுவிடும்.

எப்போதும் இருவராகப் போங்கள். முடிந்தால் ஆணும் பெண்ணுமாக. லயத்து வீடுகள் ஒட்டினாற்போல் இருப்பதால் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். குடும்பச் சண்டை, குடி, கர்ப்பம் போன்ற பேச்சு எழுந்தால் நடந்துகொண்டே பேசுங்கள், அல்லது பிள்ளை மடுவத்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) திண்ணை மாதிரி, மற்றவர் பார்க்கலாம் ஆனால் கேட்க முடியாத இடமாகப் பாருங்கள். பிள்ளைகளோடு மூடிய அறையில் தனியாக ஒருபோதும் வேண்டாம்.

எப்போது கைமாற்றிவிட வேண்டும் என்பதையும் மனப்பாடமாக்குங்கள். சாகப் போகிறேன் என்று சொல்வது, இரண்டு மூன்று நாளாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லாதது, இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைக் கவனிக்க முடியாமல் போவது, திடீரென்று குடி கூடுவது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, அம்புலன்சுக்கு 1990. சாவைப் பற்றிப் பேசுகிறவரை "சாகிற எண்ணம் வருகிறதா?" என்று நேரே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டில் களைகொல்லிப் போத்தல் இருக்கிறதா என்று பார்த்து அதை வெளியே எடுக்க வையுங்கள், அவரைத் தனியே விட்டுவிட்டு உதவி தேடிப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், அரிசி வரும், கமரா வரும். கருமாதி முடிந்த பிறகு யாரும் வரமாட்டார்கள். தொண்டர்களின் நாட்குறிப்பில் முப்பதாம் நாளையும் மூன்றாம் மாதத்தையும் இப்போதே குறித்து வையுங்கள்.


கச்சேரி மேசை:

கையெழுத்துக் கேள்விக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் "சமயத் தொண்டர்" என்று ஒரு பதவி கிடையாது. எனவே உங்கள் சின்னத்துக்குச் சட்ட மதிப்பு எதுவும் வராது. உங்களுக்கு மதிப்பு வருவது அழைப்புப் பட்டியலில் பெயர் இருப்பதால்தான். அனர்த்தம் நடந்த பிறகு அட்டையைக் காட்டிக்கொண்டு வருபவரைப் பொலிஸ் திருப்பி அனுப்பும். பிரதேச செயலாளர் கூப்பிட்டு வந்தவரை உள்ளே விடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் வேலை முழுக்க இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு தொண்டருக்கும் அவருடைய ஆலய பரிபாலன சபை, பங்குத் தந்தை அல்லது திருச்சபை, பள்ளிவாசல் நிர்வாகம், விகாரை தரும் ஒப்புதல் கடிதம் ஒன்று. பொலிஸ் நற்சான்றிதழ் ஒன்று. கிராம உத்தியோகத்தரின் வதிவிட உறுதி ஒன்று. இவற்றோடு பயிற்சிப் பதிவையும் வைத்துப் பெயர்ப்பட்டியலை பிரதேச செயலகத்தில் கொடுத்து, அங்குள்ள அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தரின் தொடர்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். உளவளத்துணை (கவுன்சிலிங்) உத்தியோகத்தர் இருந்தால் அவரையே உங்கள் மேற்பார்வையாளராகக் கேளுங்கள். கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும், ஏனென்றால் இரவு பதினொரு மணிக்குத் தடுப்பில் நிற்கும் கான்ஸ்டபிள் தமிழ் வாசிப்பார் என்று நம்ப முடியாது.

தோட்டத்துக்குள் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. அனர்த்த நேரத்தில் துரையை (தோட்ட முகாமையாளரை) தேடி அலையாமல், சமாதான காலத்திலேயே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஆனால் அவர்களில் யாரையும் குழுவின் தலைவராக்காதீர்கள், மற்றச் சங்கத்துக்காரர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அட்டையில் படம், பெயர், குழுவின் பெயர், "ஆன்மிக ஆறுதல் தொண்டர்" என்று மூன்று மொழியிலும், காலாவதித் திகதி. ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். உளவளத்துணையாளர், ஆலோசகர் என்ற சொற்களைப் போடாதீர்கள், அவற்றுக்குத் தனிப் படிப்பு இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தையும் அச்சடிக்க வேண்டாம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் குழுவின் விதியாகவே வையுங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு அறிவித்த சரிவில் எந்தத் தொண்டரும் ஆறுதல் சொல்லப் போகக்கூடாது. அங்கிருப்பவரை வெளியேற்றுவது மட்டும்தான் வேலை. புதிதாக ஊற்றெடுப்பது, தெளிந்த ஓடை கலங்குவது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரங்கள் சாய்வது தெரிந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லிவிட்டு நீங்களும் இறங்குங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களே மண்ணுக்குள் போயின. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாவது சரிவு எப்போதும் சாத்தியம்.

உடல்கள் விஷயம், இதில்தான் சமயத் தொண்டர்கள் நல்ல மனதோடு பெரிய சிக்கலை உண்டாக்குவார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான் விசாரணை முடித்து உடலை ஒப்படைக்கும் வரை கிரியை தொடங்கக்கூடாது, குளிப்பாட்டவும் கூடாது. முகத்தை மட்டும் பார்த்து அடையாளம் சொன்னால் பிழையாகிவிடலாம். மண்ணில் கிடந்த முகம் மாறிவிடும். உடுப்பு, தாலி, மோதிரம், பழைய தழும்பு, பல் எல்லாவற்றையும் பதிந்து, இலக்கம் போட்டு, படமெடுத்த பிறகே குடும்பத்துக்குக் காட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம், பக்கத்தில் ஒரு தொண்டர், வெளியே வந்ததும் உட்கார ஒரு கதிரையும் தண்ணீரும். அடையாளம் தெரியாத உடலைத் தகனம் செய்ய யார் அவசரப்படுத்தினாலும் இணங்காதீர்கள், பிறகு தேடி வரும் குடும்பத்துக்குச் சாம்பல் பதில் சொல்லாது. "உடல் கிடந்தால் நோய் பரவும்" என்பது பெரும்பாலும் வீண் பயம். மண்சரிவில் இறந்தவரின் உடலால் கொள்ளைநோய் வருவதில்லை.

உடலே கிடைக்காத வீடுகளில் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாமா, எப்போது பண்ணலாம் என்பது குருக்களும் குடும்பமும் பேசித் தீர்க்க வேண்டியது. தொண்டர் திகதி குறிக்கக் கூடாது. தேடுதல் நடந்துகொண்டிருக்கும்போது காரியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "ஆள் உயிரோட இல்லன்னு முடிவே பண்ணிட்டீங்களா" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.


நோர்வூட் தொண்டன்:

நன்றி அண்ணன், அக்கா எல்லாருக்கும். சீருடையும் தரமும் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு கேள்வி. ஒருவர் நம்பிச் சொல்வதை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதி கொடுக்கலாமா? தரமே இல்லையென்றால் இளைஞர்கள் எதற்காக வருவார்கள்?


கச்சேரி மேசை:

முழு உறுதி கொடுக்காதீர்கள். நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பாதுகாப்பு தருகிறது, சமய குருவிடம் சொன்னதற்கு அப்படி எதுவும் தரவில்லை. அமெரிக்காவில் இருப்பதை நினைத்து இங்கே வாக்குக் கொடுத்தால், நீதிமன்றம் கூப்பிடும்போது வாக்கை மீற வேண்டியிருக்கும். பேச்சுத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றத ஊர்ல பேசமாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்துன்னா உதவக்கூடியவங்ககிட்ட சொல்லியே ஆகணும்." இரண்டு வசனம். பயிற்சியில் எல்லாரும் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்பது உபதேசியார் வேலையல்ல. அப்படி யாராவது கேட்டால் குருவானவரை அழைத்துக் கொடுக்க வேண்டும்.


ஊவா உளநலம்:

இளைஞர்கள் விஷயத்தில் ஹேங்கர் அண்ணனோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. தரம் வேண்டாம், சரி. ஆனால் எழுத்தில் ஏதாவது வேண்டும். எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்தெந்தத் தலைப்பு, யார் நடத்தினார், எத்தனை மணி நேரம் சேவை என்று திகதியோடு ஒரு பதிவுப் புத்தகம் கொடுங்கள். வருட முடிவில் அதைப் பார்த்து ஒரு சான்றுக் கடிதம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது உதவும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் முதலுதவிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் கடிதத்துக்கு எடை கூடும். தொடர்ந்து படிக்க விரும்புபவருக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமா இருக்கிறது.

18 வயதுக்குக் குறைந்தவர்களை மரண வீட்டுக்கும் உடல் அடையாளம் காணும் இடத்துக்கும் அனுப்பவே வேண்டாம். முகாமில் பிள்ளைகளோடு விளையாட, பெயர் எழுத, தேத்தண்ணி ஊற்ற அவர்கள் போதும்.


இரத்மலானை ஹேங்கர்:

பதிவுப் புத்தகம் நல்ல யோசனை, அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். விமான ஓட்டிகளும் அப்படித்தான், பேச்சை நம்பமாட்டார்கள், லொக் புத்தகத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் அதில் யாரைச் சந்தித்தார் என்ற பெயரோ வீட்டு இலக்கமோ வரக்கூடாது. திகதி, இடம், மணி நேரம், எங்கே கைமாற்றினோம் என்பது மட்டும். மழையில் நனைந்து எழுத்து அழியாமல் இருக்கப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள்.